அரியரும் அருமருந்தும்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, எனக்குக் கவிதையும் வராது, கதையும் வராது என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை. அப்புறம் யோசித்தேன். போன வருஷம் எங்க வீட்டில் நடந்த ஒரு விஷயத்தால் ஒரு பெரிய மனிதரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அவர் நம்மை மாதிரியே பரீட்சையில் தோற்றவர். அவரைப் பற்றி எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்க குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான்.

ஒரு தாளில் இருந்த பெயர்கள்

எனக்குத் திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா கரும்பு வெட்டும் கூலித் தொழிலாளி. போன சீசனில் விக்கிரவாண்டிப் பக்கம் ஒரு கொல்லையில் வெட்டிக்கொண்டிருந்தபோது கத்தி தவறி இடது காலில் பட்டுவிட்டது. மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போனார். மூன்றாம் நாள் கால் வீங்கிப்போச்சு. டாக்டரிடம் போனால் ஒருநாள் கூலி போய்விடும் என்று, மருந்துக் கடையில் நாலு மாத்திரை உதிரியாக வாங்கி வந்தார். வாங்கி வந்தவன் நான்தான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாத்திரையில் வலி குறைந்தது. மீதி இரண்டை மாடத்தில் வைத்துவிட்டார். பத்து நாளில் மறுபடியும் வீக்கம். மறுபடியும் நாலு மாத்திரை. மூன்றாம் முறை மாத்திரை வேலை செய்யவில்லை. விரல் கறுத்துவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வந்த தாளில் இடது பக்கம் மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எழுத்து. பெரும்பாலும் ஆர், ஆர், ஆர் என்றே இருந்தது. நர்ஸ் அக்காவிடம் கேட்டேன். ஆர் என்றால் அந்த மருந்துக்கு இந்தக் கிருமி சாகாது, எதிர்த்து நிற்கும் என்று அர்த்தமாம். கீழே இருந்த ஒருசில பெயர்களுக்கு எதிரேதான் வேறு எழுத்து இருந்தது. அதில் ஒன்றை ஊசியாகப் போட்டு அப்பாவைக் காப்பாற்றினார்கள். ஆனால் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது.

அதே சமயத்தில்தான் எனக்கு முதல் செமஸ்டர் முடிவு வந்தது. கணக்கிலும் இயற்பியலிலும் அரியர். படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடலாம் என்று முடிவே செய்துவிட்டேன். கடைசியாக ஒருநாள் கல்லூரிக்கு வந்தபோது, அந்தப் பரிசோதனைத் தாளை எங்கள் வேதியியல் மேடத்திடம் காட்டி இந்தப் பெயர்களெல்லாம் என்ன என்று கேட்டேன். அவர்கள் இரண்டு பெயர்களின் மேல் விரலை வைத்தார்கள். ஒன்று டெட்ராசைக்ளின். அதற்கு எதிரே ஆர். இன்னொன்று கடைசி வரியில் இருந்த கொலிஸ்டின். இந்த இரண்டு பெயரின் வேரைத் தோண்டினால் நம்ம சென்னையில் படித்த ஒருத்தரிடம் போய் நிற்கும், போய்ப் படி என்றார்கள். நூலகத்தில் தேடிப் படித்தேன். அவர்தான் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

வாழைப்பழம் விற்கப் போன பையன்

1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் தேதி பீமாவரத்தில் பிறந்தார். இன்றைக்கு அது ஆந்திரம். அன்றைக்குச் சென்னை மாகாணம். அப்பா வருவாய்த் துறையில் சின்ன வேலையில் இருந்து, உடம்பு முடியாமல் சீக்கிரமே வேலையை விட்டவர். வீட்டில் வறுமை. பதின்மூன்று வயதில் பையன் வீட்டை விட்டு ஓடிவிட்டான். எதற்குத் தெரியுமா? காசிக்குப் போய் யாத்திரை வருகிறவர்களுக்கு வாழைப்பழம் விற்றுச் சம்பாதிக்க! அம்மா வெங்கம்மா விடவில்லை. திருப்பி அழைத்து வந்து பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார்.

மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தோற்றார். மறுபடியும் எழுதினார். மறுபடியும் தோற்றார். அந்த அம்மா நகையை விற்று மகனைச் சென்னைக்கு அனுப்பினார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாவது முறைதான் தேறினார். இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்க அம்மாவின் காது ஞாபகம் வந்தது.

பிறகு மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட். அப்போது அவருக்குத் துறவியாகிவிட வேண்டும் என்று ஆசை. ராமகிருஷ்ண மடத்தில் அம்மாவின் சம்மதம் வேண்டும் என்றார்கள். அம்மா சம்மதிக்கவில்லை. சரி, மருத்துவம் படித்தால் ஏழைகளுக்குச் சேவை செய்யலாம் என்று சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். செலவுக்கு நண்பர்களும், பின்னாளில் மாமனார் ஆன கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் உதவினார்கள். 1919இல் சேஷகிரி அம்மையாரை மணந்தார்.

கதர் உடுப்பும் குறைந்த பட்டமும்

காந்தியடிகள் அந்நியத் துணியைப் புறக்கணிக்கச் சொன்ன காலம். சுப்பாராவ் அறுவை சிகிச்சை அறைக்கும் கதர் அங்கியோடு போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளில் நன்றாகச் செய்தும், எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கொடுத்தார்கள். அரசு மருத்துவப் பணியும் கிடைக்கவில்லை. சென்னையில் டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக்கொடுக்கும் வேலையில் சேர்ந்தார்.

இதற்கு நடுவில் வீட்டில் பெரிய இடி விழுந்தது. ஸ்ப்ரூ என்கிற வயிற்று நோயில் அவருடைய சகோதரர்கள் இரண்டு பேர் சில நாள் இடைவெளியில் இறந்துபோனார்கள். அவருக்கும் அதே நோய் வந்தது. ஆயுர்வேத சிகிச்சையில் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தத் துக்கம் அவரை விடவில்லை. கையில் டாக்டர் படிப்பு இருந்தும் கூடப்பிறந்தவர்களைக் காப்பாற்ற மருந்து இல்லையே என்ற துக்கம் அது. மருந்தைத் தேடிப் போக வேண்டும் என்று முடிவு செய்தார்.

மாமனார் கொடுத்த பணம், காக்கிநாடா மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையின் உதவி இரண்டையும் வைத்துக்கொண்டு 1922இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இறங்கினார். மனைவியை ஊரில் விட்டுவிட்டுப் போனார். அவர் போன பிறகு ஒரு மகன் பிறந்தான். ஒரு வயது நிறையும் முன்பே அந்தக் குழந்தை இறந்துவிட்டது. அப்பா மகனின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அவரும் டிப்ளமோதான்!

தோழர்களே, ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அவர் முதலில் வாங்கியது வெப்ப மண்டல நோய் மருத்துவத்தில் ஒரு டிப்ளமோ! நாம டிப்ளமோதானே என்று தாழ்வாக நினைக்கிறவர்கள் இதை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அவருடைய சென்னைச் சான்றிதழை வைத்து அங்கே டாக்டர் வேலை பார்க்க முடியவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு ஓர் ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்தார். நோயாளிகளின் மலச்சட்டியை எடுத்துக் கழுவும் வேலை. டாக்டருக்குப் படித்தவர் அதைச் செய்தார். பகலில் படிப்பு.

பிறகு பேராசிரியர் சைரஸ் ஃபிஸ்க் என்பவரின் ஆய்வகத்தில் சேர்ந்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்று அளக்க இருவரும் 1925இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்று உயிர்வேதியியல் பாடப் புத்தகங்களில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது. தசையில் இருக்கும் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளை 1927இல் கண்டுபிடித்தார்கள். 1929இல் ஏ.டி.பி. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் சக்தி கொடுக்கிற பொருள் இது. அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக இதைக் கண்டுபிடித்தார். 1930இல் சுப்பாராவ் பிஎச்.டி. பட்டம் பெற்றார். இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலம் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி ஆய்வகத்துக்குப் போனார். அமெரிக்கன் சயனமிட் கம்பெனியைச் சேர்ந்தது அது. அங்கே ஆராய்ச்சிப் பிரிவின் இயக்குநர் ஆனார்.

நம்ம ஊருக்கு வந்த மாத்திரைகள்

அங்கே எட்டே ஆண்டுகள்தான். அதற்குள் செய்ததைப் பாருங்கள்.

ஃபோலிக் அமிலத்தை ஆய்வகத்திலேயே தயாரிக்கும் வழியை அவருடைய குழு 1945இல் கண்டது. அது ஸ்ப்ரூ நோய்க்கும் ஒருவகை இரத்த சோகைக்கும் மருந்து. சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு அவரே மருந்து கண்டார். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருநாள் நமக்குக் கொடுத்த நீல நிற இரும்புச்சத்து மாத்திரையில் இந்த ஃபோலிக் அமிலமும் இருந்தது. தூக்கிப் போட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து, அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் அவருடைய குழு செய்தது. அவற்றில் ஒன்றான அமினோப்டெரினை டாக்டர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். நோய் தற்காலிகமாகத் தணிந்த குழந்தைகளைப் பற்றி 1948இல் வெளியிட்டார். அதே குடும்பத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் பயன்படுகிறது.

1947இல் ஹெட்ராசான் வந்தது. அதன் வேதிப் பெயரைச் சுருக்கி டி.இ.சி. என்பார்கள். யானைக்கால் நோய் மருந்து. நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. வீடு வீடாக வந்து, சாப்பிட்டாச்சா என்று கேட்டுக் கையில் கொடுத்துவிட்டுப் போன மாத்திரை அதுதான். எங்க ஆயாவுக்கு வலது காலில் யானைக்கால். ஆயா அந்த மாத்திரையை ஒரு தடவைகூட விட்டதில்லை. தனக்கு வந்தது வந்துவிட்டது, பேரப் பிள்ளைகளுக்கு வரக்கூடாது என்று எங்களையும் மிரட்டி விழுங்க வைப்பார். அந்த மாத்திரைக்குப் பின்னால் நம்ம சென்னையில் படித்த ஒருத்தர் இருந்தார் என்று சொன்னபோது ஆயா நம்பவில்லை.

மண்ணுக்குள் இருந்த தங்கம்

இப்போது அந்தத் தாளுக்கு வருகிறேன்.

பெனிசிலினை ஃபிளெமிங் 1928இல் கண்டார். ஆனால் அது எல்லாக் கிருமிகளையும் கொல்லாது. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் ஒன்றோடொன்று சண்டை போட மருந்து மாதிரி சில பொருள்களைச் சுரக்கின்றன. அதனால் பல ஊர் மண்ணை வரவழைத்துத் தேடும் வேலையை லெடர்லியில் தொடங்கினார்கள். அந்த வேலைக்கு, கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்று எழுபது வயதைத் தாண்டிவிட்ட தாவரவியல் பேராசிரியர் பெஞ்சமின் டக்கரைச் சேர்த்துக்கொண்டார்கள். வயசான ஆளுக்கு வேலை எதற்கு என்று நினைக்கவில்லை. மிசௌரி மாநிலத்தில் ஒரு புல்வெளியிலிருந்து வந்த மண்ணில் தங்க நிறப் பொருளைச் சுரக்கும் ஒரு நுண்ணுயிர் டக்கரிடம் சிக்கியது. அதிலிருந்து வந்ததுதான் ஆரியோமைசின். 1948இல் உலகுக்கு அறிவித்தார்கள். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் பிள்ளை அதுதான். வாய் வழியாகவே கொடுக்கலாம். பலவகைக் கிருமிகளையும் அடக்கும்.

அந்த வருஷம் ஆகஸ்ட் மாதமே, 53ஆவது வயதில், சுப்பாராவ் மாரடைப்பால் நியூயார்க்கில் காலமானார். ஊருக்குத் திரும்பவே இல்லை. சேஷகிரி அம்மையார் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது வீணாகிவிட்டது. இதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உலகத்துக்கு மருந்து கொடுத்த வீட்டில் ஒருவர் தனியாகவே இருந்தார் என்பதையும் நாம் சேர்த்தே நினைக்க வேண்டும்.

மருந்தை எதிர்க்கும் கிருமி

சரி, அவ்வளவு பெரிய மருந்துக்கு எதிரே எங்க அப்பாவின் தாளில் ஏன் ஆர் வந்தது?

டெட்ராசைக்ளின் கிருமிக்குள் நுழைந்து, அது புரதம் தயாரிக்கும் இடத்தை அடைத்துவிடும். கிருமி வளராது. ஆனால் சில கிருமிகள் தந்திரம் கற்றுக்கொண்டன. உள்ளே வரும் மருந்தை, கிணற்றுத் தண்ணீரை மோட்டார் இறைப்பது மாதிரி, வெளியே இறைத்துவிடுகின்றன. நாம் மாத்திரையைப் பாதியில் நிறுத்தும்போது பலவீனமான கிருமி சாகும். தந்திரம் தெரிந்தது தப்பித்துப் பெருகும். அதோடு, தந்திரத்தைப் பக்கத்துக் கிருமிக்கும் கடத்திவிடும். தேவையில்லாத இடத்தில் மருந்தைக் கொட்டினாலும் இதே கதைதான். மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்தார்கள் என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டிருக்கிறது.

அப்போ கொலிஸ்டின்? அது பாலிமிக்சின் என்ற குடும்பம். 1947இல் மூன்று குழுக்கள் தனித்தனியே பாலிமிக்சினைக் கண்டன. அதில் ஒரு குழு, லெடர்லியைச் சொந்தமாக வைத்திருந்த அதே அமெரிக்கன் சயனமிட் கம்பெனியின் விஞ்ஞானிகள். மேடம் சொன்ன இரண்டாவது வேர் இதுதான்.

பாலிமிக்சின் ஒரு பெப்டைடு. அதாவது அமினோ அமிலங்கள் சைக்கிள் செயின் மாதிரி கோத்துக்கொண்ட சின்னச் சங்கிலி. அதில் நேர் மின்சுமை இருக்கிறது. கிருமியின் மேல்தோலில் எதிர் மின்சுமை. வொர்க்‌ஷாப்பில் இரும்புத் தூள் காந்தத்தில் போய் ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்களே, அப்படிப் போய் ஒட்டி, தோலைக் குலைத்து ஓட்டை போட்டுவிடும். மற்ற மருந்துகள் பூட்டுக்குச் சாவி போடுகின்றன, பெப்டைடு சுவரையே டிரில் பண்ணுகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். பூட்டை மாற்றுவது சுலபம். சுவரை மாற்றுவது கஷ்டம்.

இப்படிப்பட்ட பெப்டைடுகளை இயற்கை எங்கும் வைத்திருக்கிறது. பட்டுப்பூச்சி இனத்தில் 1981இலும், ஆப்பிரிக்கத் தவளையின் தோலில் 1987இலும் கண்டுபிடித்தார்கள். நம் தோலிலும் குடலிலும்கூட உண்டு. இந்தச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடங்க முடியும், எதில் முடியாது என்று 1963இல் வரைபடம் போட்டுக் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் அவருடைய குழுவும். புதிய பெப்டைடுகளை வடிவமைக்கிறவர்கள் இன்றும் அந்த வரைபடத்தைப் பார்க்கிறார்கள்.

ஆனால் இதிலும் சிக்கல் உண்டு. விழுங்கினால் பெப்டைடுகளில் பெரும்பாலானவற்றை வயிறு செரித்துவிடும். செலவும் அதிகம். பாலிமிக்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம் என்பதால் பல காலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். வேறு மருந்து கேட்காதபோது கடைசி ஆயுதமாகத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். சுவரை மாற்றுவது கஷ்டம் என்றேனே தவிர, முடியாது என்று சொல்லவில்லை. அதையும் எதிர்க்கும் மரபணு, கிருமிக்குக் கிருமி தாவக்கூடியது, சீனாவில் கிடைத்ததாக 2015இல் அறிவித்தார்கள். அதனால்தான் கோழி, கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதை இந்திய அரசு 2019இல் தடை செய்தது.

இங்கேதான் நம்ம முதலாண்டு வேதியியல் பாடம் வருகிறது! பி.வி.சி. பைப், பேக்கலைட் சுவிட்சு என்று மனப்பாடம் செய்தோமே, அந்தப் பாலிமர். பெப்டைடு செய்யும் வேலையைச் செய்யும்படி, மின்சுமையும் எண்ணெய்த் தன்மையும் அளவாகக் கலந்த பாலிமர் சங்கிலிகளை ஆய்வகங்களில் செய்து பார்க்கிறார்கள். மலிவாகச் செய்யலாம், சுலபத்தில் செரித்துப் போகாது என்பது நம்பிக்கை. கிருமியைக் கொல்லும் பாலிமர் நம் இரத்த அணுவைக் கொல்லக்கூடாதே, அந்த அளவைப் பிடிப்பதுதான் இன்னும் பெரும்பாடு. பாலிலைசின் என்ற ஒரு பாலிமரை ஜப்பானில் உணவு கெடாமல் இருக்கச் சேர்க்கிறார்கள். அதைச் சுரப்பதும் ஒரு மண் நுண்ணுயிர்தான். ஆரியோமைசினைத் தந்த நுண்ணுயிருக்குச் சொந்தக்காரன்!

நமக்கு என்ன?

சுப்பாராவ் நோபல் பரிசு வாங்கவில்லை. தன் பெயரைப் பரப்பிக்கொள்ளவும் முயலவில்லை. 1995இல் நூற்றாண்டையொட்டி இந்திய அரசு தபால் தலை வெளியிட்டது. ஒரு பூஞ்சைக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். அவ்வளவுதான். ஆனால் ஆயாவின் கையில் அவர் மாத்திரை இருந்தது.

நான் படிப்பை விடவில்லை. இயற்பியலை இரண்டாவது முறையில் தேறிவிட்டேன். கணக்கு இன்னும் நிற்கிறது. அவருக்கு மூன்றாம் முறை கிடைத்தது, எனக்கும் கிடைக்கும் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பா கரும்பு வெட்டப் போக முடியவில்லை. தோட்டக் காவலுக்குப் போகிறார், கொஞ்சம் சாய்ந்து நடப்பார். அம்மாவின் கம்மல் இன்னும் கடையில்தான் இருக்கிறது. அதை மீட்பது என் முதல் சம்பளத்தின் வேலை.

தோழர்களே, புது மருந்து கண்டுபிடிக்க நம்மால் முடியாமல் போகலாம். இருக்கிற மருந்தைக் கெடுக்காமல் இருக்க நம்மால் முடியும். டாக்டர் எழுதாமல் கிருமி மருந்து வாங்காதீர்கள். எழுதிக் கொடுத்ததைப் பாதியில் நிறுத்தாதீர்கள். மிச்ச மாத்திரையை மாடத்தில் வைத்து அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். வீட்டில் படித்த ஆள் நாம்தான். மருந்துக் கடைக்கு ஓடுகிறவர்களும் நாம்தான். நாம் சொன்னால் வீட்டில் கேட்பார்கள். எனக்கு இது முன்னாலேயே தெரிந்திருந்தால் அப்பாவுக்கு அந்த இரண்டு விரல் மிஞ்சியிருக்கும்.

அரியர் வைத்திருக்கும் எல்லோருக்கும் என் வாழ்த்துகள்!

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு